பேசும் பொத்தான் இல்லாதது

சீட்டு எடுத்த மறுநாள்
சோமனூரில் பஸ் ஏறிக் காந்திபுரம் போனேன்.
கம்மல் வாங்க என்று வீட்டில் நினைப்பு.

ரவூப் பாய் மேஜைமேல் மூன்றை எடுத்து வைத்தார்.
ஒன்று கைக்குக் கனம், எண்கள் தேய்ந்த பொத்தான்கள்.
ஒன்று புதுசு, கலர்த் திரை,
விலை மூன்று நோம்பிச் செலவு.
மற்றது யாரோ விற்றுப்போனது. திரையில் கீறல்.
டிஜிட்டல்தான், பழைய குரலும் எடுக்குமாம்.

"இரைச்சலை அடக்குற திருகு எங்கீங்க?"

புதுசில் அது மெனுவுக்குள்
நாலு கதவு தாண்டி இருந்தது.
கீறல் விழுந்ததில் தலைமேல், கட்டைவிரலுக்குத் தோதாக.
இதே போதுமுங்க என்றேன்.
"தார் ஓட்டுறவங்களா?" என்று சிரித்தார்.
விரலைப் பார்த்திருப்பார்.

இருபது வருசமாய் நூலின் இழுவை பிடிக்கிற விரல்.
இறுக்கினால் அறும், தளர்த்தினால் சுருளும்.
அந்தத் திருகும் அதே சாதி.
ரொம்ப அடக்கினால் வானம் ஊமை.
விட்டுவிட்டால் எல்லா எண்ணிலும் மழை பெய்கிறது.
மழை நிற்கும் இடத்தில் ஒரு மயிரிழை பின்வாங்கி
நிறுத்த வேண்டும்,
மெலிந்த குரல் நுழைய.

டிஜிட்டல் குரல் சுத்தம்.
வந்தால் முழுசாய் வரும்,
தூரம் போனால் பொடிப்பொடியாய் உடைந்து
அப்புறம் இல்லவே இல்லை.
விமானங்கள் இன்னும் பழைய முறையில்தான் பேசுகின்றன.
நைந்து, பிசிறு விட்டு, பஞ்சாகி வந்தாலும்
காது அதில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது.

கூடவே தந்த குட்டை ஆன்டெனா ஆகவில்லை.
ஒரு முழமும் அரைச் சாணும் கம்பி
நாச்சிமுத்தண்ணன் பட்டறையில் வெட்டிக் கொடுத்தார்.
எதுக்கு என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனுசன்.
மாடியில் தண்ணித் தொட்டி ஓரம் உட்கார்ந்து
நூத்திப் பதினெட்டிலிருந்து மேலே ஓட விட்டேன்.
தறி மோட்டார்களின் கரகரப்பு.
எந்த எண்ணுக்குப் போனாலும் சோமனூர்.

"இதுல நாம பேசலாமா?" வீட்டுக்காரர்.
பேசுற பொத்தான் இல்லீங்க.
"பேச ஆகாத சாமானுக்கா கம்மல் காசு?"

விடிந்ததிலிருந்து கத்தியே பேசுகிற ஊரில்
கேட்க மட்டும் தெரிந்த ஒன்று வேண்டியிருந்தது.
அதை அவரிடம் எப்படிச் சொல்ல,
அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

ஆடி பதினேழு, ராத்திரி மூன்றரை.
பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வந்த காத்து
சிமெண்ட் ஓட்டை நெம்பிப் பார்த்தது.
கரண்ட் போனது.
ஐந்நூறு தறி ஒரே மூச்சில் நின்றன.
கரகரப்பும் நின்றது.
இதுவரை விடாத அளவு திருகைத் தளர்த்தினேன்.

ஒரு பெண். விமானம் ஓட்டுகிறவள்.
தரை பேசுவது இவ்வளவு தூரம் எட்டாது,
அவள் திருப்பிச் சொல்வதுதான் எனக்கு.
இங்கிலீசில் எண்கள் மட்டும் தெரியும்.
காத்து முப்பத்திநாலு என்றாள்.
மேற்கே இறங்கிப்போன விளக்கு
"கோயிங் அரவுண்ட்"
திரும்ப ஏறியது.

அதில் எனக்கு யாருமில்லை.
மெதுவா வா சாமி என்று சொல்லப் பொத்தானும் இல்லை.
கம்பியைக் காத்துக்கு வளையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பேட்டரி ஒரு கோடு.

அவினாசிப் பக்கம் சுற்றி
மறுபடி தலைக்கு மேல் வந்தாள்.
காத்து இருபத்தொன்று.
தறி ஓடாத நேரத்தில் எண் சொல்வதுபோல் சொன்னாள்,
அவசரமில்லாமல்.
விளக்கு தென்னைகளுக்குப் பின்னால் போனது.
குரல் நின்றது.

தரையைத் தொட்டாலும் குரல் நிற்கும்.
தொடாமல் வேறெதாவது ஆனாலும் நிற்கும்.
திருகிலிருந்து விரலை எடுக்கவில்லை.
மேற்கே வானத்தில் எதுவும் ஏறவில்லை.
இன்னும் ஏறவில்லை.
ஏறவில்லை.

கரண்ட் வந்து தறிகள் பிடித்துக்கொண்டன.
கீழே வந்தேன்.
"யாரு வந்தாங்க?" தூக்கத்தில் கேட்டார்.

"தெரியாதுங்க.
எறங்கிட்டாங்க."